முகத்தைப் படிக்கச் சொன்ன தளபதி

1944 ஜூன் முதல் வாரம், மேற்கு பர்மாவில் ஒரு காட்டு முகாம். மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஜப்பானிய பர்மா பகுதிப் படையின் தலைவர் கவாபே மசகாசு ரங்கூனிலிருந்து வந்திருக்கிறார். எதிரே 15ஆம் படையின் தளபதி முத்தாகுச்சி ரென்யா. இம்பாலைப் பிடிக்கிறோம் என்று புறப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. வீரர்கள் சுமந்து சென்ற உணவு மூன்று வாரத்துக்கானது. அது எப்போதோ தீர்ந்துபோய், புல்லையும் கிழங்கையும் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். படையெடுப்பு தோற்றுவிட்டது இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாமா என்ற ஒரு கேள்விதான் பாக்கி.

அதை இருவருமே கேட்கவில்லை. சொல் தொண்டைவரை வந்தது, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்று முத்தாகுச்சி பின்னாளில் விளக்கினார். அவர் எதையோ சொல்லத் தவிப்பதைக் கவாபேயும் கவனித்தார். ஆனாலும் கேட்காமலே விடைபெற்றார். படையெடுப்பை நிறுத்தும் உத்தரவு வர மேலும் ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. பின்வாங்கிய வழியெங்கும் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் விழுந்தவர்களின் எலும்பு கிடந்ததால், உயிர்தப்பிய வீரர்கள் அதற்கு வெள்ளெலும்புப் பாதை என்று பெயர் வைத்தார்கள். சென்ற 85,000 பேரில் 30,000க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். குண்டடிபட்டு இறந்தவர்களைவிடப் பட்டினியிலும் நோயிலும் இறந்தவர்களே அதிகம்.

இரண்டு மனிதர்களின் கூச்சம் இத்தனை உயிரைக் குடிக்குமா? அவர்கள் அன்னியர்களும் அல்ல. 1937 ஜூலையில் பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் சீனாவுடனான முழுப்போருக்குத் திரி பற்றிக்கொண்டபோது, அங்கே ரெஜிமெண்டுக்குத் தலைவர் முத்தாகுச்சி. அவருக்கு மேலே பிரிகேடின் தலைவர் கவாபே. மேலிடத்தைக் கேட்காமல் கீழிருப்பவர் பாய்வதும், மேலிருப்பவர் கண்டும் காணாமல் விடுவதும் அப்போதே இவர்களுக்குள் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. சாமுராய் மரபு, சாவை விரும்பும் இனம் என்றெல்லாம் சொல்லப்படும் விடையை நான் ஏற்கவில்லை. அது சோம்பல் விடை. இதே நாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவோடு போரிட்டபோது அதன் தலைவர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். மாறியது ரத்தம் அல்ல, படையைச் சுற்றி எழுப்பப்பட்ட சுவர்.

முதல் கல்லை வைத்தவர் நவீன ஜப்பானியப் படையை உருவாக்கிய யமகதா அரிதோமோ. 1878இல் தோக்கியோவில் பேரரசரின் காவல்படை வீரர்கள் ஊதியக் குறைப்பை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். நாடெங்கும் மக்களுரிமை இயக்கம் வேறு சூடுபிடித்திருந்தது. அரசியல் காற்று படைக்குள் புகாமல் இருக்க வேண்டும் என்று யமகதா நினைத்தார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது, அவர் தேடிய பரிகாரம்தான் நஞ்சாயிற்று. அந்த ஆண்டே தலைமைப் பணியகம் படைத்துறை அமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டு நேராகப் பேரரசரின் கீழ் வைக்கப்பட்டது. 1889 அரசமைப்பின் 11ஆம் பிரிவு தரைப்படை, கடற்படை இரண்டின் தலைமையும் பேரரசருடையது என்றது. பேரரசரோ நடைமுறையில் கட்டளையிடுபவர் அல்ல, ஒப்புதல் தருபவர். ஆகவே போர் நடத்துவதில் அமைச்சரவையும் நாடாளுமன்றமும் மூக்கை நுழைக்க முடியாது என்பதே அதன் பொருளாகிப்போனது.

1900இல் இன்னொரு விதி வந்தது. படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் தளபதிகளாகவே இருக்க வேண்டும். கேட்கச் சின்ன நிர்வாக விதி போல இருக்கும், ஆனால் அது ஆட்சியின் குரல்வளையில் வைத்த கை. 1912இல் கொரியாவுக்கு இரண்டு டிவிஷன் கேட்டுக் கிடைக்காததால் படை அமைச்சர் விலகினார், படை மாற்று ஆள் தரவில்லை, சயோஞ்சி அமைச்சரவை கவிழ்ந்தது. விதி 1913இல் தளர்ந்து 1936இல் மீண்டும் இறுகியது. 1940இல் யோனாய் அமைச்சரவையும் இதே வழியில் விழுந்தது.

ஆனால் சட்டம் வெளிச்சுவர்தான். உள்ளே மனத்தை வார்த்தது பள்ளிக்கூடம். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பையன் படைச் சிறுவர் பள்ளிக்குள் நுழைவான். ஒரு காலத்தில் ஆறு ஊர்களில் அவை இருந்தன. அதோடு ஊர், தெரு, வேறு தொழில் செய்பவரின் பிள்ளை எல்லாரோடும் அவனுக்கு உறவு அறும். அங்கே நெடுங்காலம் கற்பித்த அயல்மொழிகள் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன். ஆங்கிலம் இல்லை. சாதாரண நடுநிலைப் பள்ளியிலிருந்து பிறகு வந்து சேர்ந்தவர்களே ஆங்கிலம் அறிந்தவர்கள். அவர்கள் இரண்டாம் தரமாகப் பார்க்கப்பட்டார்கள். அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் போர் தொடுக்கத் தீர்மானித்த மேசையில் அந்த நாடுகளின் செய்தித்தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு விடை அந்த வகுப்பறைகளிலேயே கிடக்கிறது.

அதற்கு மேலே படைப் பல்கலைக்கழகம். ஆண்டுக்குச் சுமார் 50 பேர், அறுபது ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 3,000 பேர். தேறியவர் மார்பில் நீள்வட்டமான ஒரு சின்னத்தை அணிவார். பழைய தென்போ காசைப் போல இருந்ததால் அணிந்தவர்களைத் தென்போ காசுக் கூட்டம் என்றும், அணியாதவர்களைக் காசில்லாக் கூட்டம் என்றும் படைக்குள் சொன்னார்கள். முகாமுக்குள் ஒருவர் நுழைந்தால் பார்வை முகத்துக்குப் போகுமுன் மார்புக்குப் போகும். பொறாமை முற்றி, 1936இல் சின்னத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் யார் யார் காசுக்காரர் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. இந்த 3,000 பேரிலும் உச்சி, தலைமைப் பணியகத்தின் போர்த்திட்டப் பிரிவு. பக்கத்து அறையில் இருந்த உளவுப் பிரிவினரின் அறிக்கையைக்கூட அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தளவாடம் சுமக்கும் பிரிவினரின் நிலை இன்னும் கீழே. அவர்களைப் போர்வீரர் கணக்கிலேயே சேர்க்க முடியாது என்று கேலிப்பாட்டு இருந்தது. தாக்குபவனுக்கே மரியாதை, அரிசி கொண்டுவருபவனுக்கு இல்லை. இம்பாலின் விதை இந்தக் கேலியில் இருக்கிறது.

1904-05 ரஷ்யப் போரை நடத்தியவர்கள் இப்படி வளர்ந்தவர்கள் அல்லர். ஓயாமா இவாவோ, கொதாமா கென்தாரோ, இத்தோ ஹிரோபுமி எல்லாரும் ஒரே கொந்தளிப்பில் வாளும் அரசியலும் சேர்ந்து பழகிய தலைமுறை. போர் தொடங்கிய உடனேயே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை வசப்படுத்த, ஹார்வர்டில் படித்த கனேகோ கென்தாரோவை அனுப்பினார்கள். எப்படித் தொடங்குவது என்று யோசித்தபோதே எப்படி முடிப்பது என்றும் யோசித்தார்கள். 1905 மார்ச்சில் முக்தென் வெற்றியால் நாடே ஆர்ப்பரித்தபோது, அந்த வெற்றிக்குத் திட்டமிட்ட கொதாமா தோக்கியோ வந்து இனி நம்மால் தாங்காது, சமாதானம் பேசுங்கள் என்று மன்றாடினார். வென்ற தளபதி தன் படையின் பலவீனத்தை அமைச்சர்களிடம் ஒப்புக்கொள்ள முடிந்தது. கவாபேயும் முத்தாகுச்சியும் தோற்ற பிறகுகூட அதைச் செய்ய முடியவில்லை. இடையில் நடந்தது ஒரு தலைமுறை மாற்றம். வெற்றியின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியபோது தவறுகளைப் பூசி மெழுகினார்கள். 1909இல் திருத்திய காலாட்படைக் கையேடு துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாயும் மனவேகத்தை மையத்தில் வைத்தது. கொதாமாவின் அச்சத்தை அடுத்த தலைமுறைக்கு யாரும் பாடமாக வைக்கவில்லை, வெற்றியை மட்டும் வைத்தார்கள்.

மூடிய வட்டத்துக்குள் தண்டனையும் பரிசும் திரிந்துபோகும் விதத்தை 1928க்குப் பிறகு தெளிவாகப் பார்க்கலாம். அந்த ஜூனில் மஞ்சூரியாவின் பிரபு ஜாங் சோலின் வந்த ரயிலைக் கர்னல் கோமோத்தோ தைசாக்கு வெடிவைத்துத் தகர்த்தார். கோமோத்தோ ஓசையில்லாமல் பணியிலிருந்து ஒதுக்கப்பட்டார். விசாரணை நடத்துவேன் என்று பேரரசரிடம் சொல்லிவிட்டுப் படையின் எதிர்ப்பால் நடத்த முடியாமல்போன பிரதமர் தனாகாதான் பதவியிழந்தார். 1931 செப்டம்பர் 18 இரவு, மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவாந்துங் படை அதிகாரிகளான இஷிவாரா கஞ்சியும் இதாகாகி செய்ஷிரோவும் முக்தென் அருகே ரயில் பாதையில் தாங்களே வெடிவைத்துவிட்டு, சீனர்மேல் பழிபோட்டு மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி செஞ்சூரோ பேரரசரின் அனுமதி இல்லாமலே எல்லை தாண்டிப் படையை அனுப்பினார். படைச் சட்டப்படி பெருங்குற்றம். 1937இல் ஹயாஷி பிரதமர், 1938இல் இதாகாகி படை அமைச்சர்.

பின்னர் இஷிவாராவுக்கு நடந்தது முக்கியமானது. 1936இல் அவர் தலைமைப் பணியகத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கிறார். உள்மங்கோலியாவில் குவாந்துங் படை தன்னிஷ்டத்துக்கு நடப்பதைத் தடுக்கப் போகிறார். அங்கே இருந்த முத்தோ அகிரா, நீங்கள் மஞ்சூரியாவில் செய்து காட்டியதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று திருப்பிக் கேட்கிறார். கூடியிருந்த இளம் அதிகாரிகள் சிரிக்கிறார்கள். இஷிவாராவிடம் பதில் இல்லை. கட்டுப்பாட்டை உடைத்து உயர்ந்தவன் கட்டுப்பாட்டைக் கற்பிக்க முடியாது.

1939 கோடையில் மங்கோலிய எல்லையில் நோமோன்ஹானில் சோவியத் படையோடு மோதல். தோக்கியோவுக்குத் தெரிவிக்காமல் எல்லை தாண்டி விமானத் தாக்குதல் நடத்த முன்நின்றவர் சுஜி மசனோபு என்ற மேஜர். ஆகஸ்டில் ஷுகோவின் டாங்கிகள் ஜப்பானிய 23ஆம் டிவிஷனைச் சுற்றி வளைத்து நொறுக்கின. ஒரு மேட்டைக் கடைசிவரை காத்து, எஞ்சிய இருநூறு பேரை உயிரோடு மீட்டுக்கொண்டு பின்வாங்கிய தளபதி இஓகியைத் தற்கொலைக்குத் தள்ளினார்கள். சுஜிக்கும் அவருடைய மேலதிகாரி ஹத்தோரி தகுஷிரோவுக்கும் இடமாற்றம். இரண்டே ஆண்டில், 1941இல், ஹத்தோரி தோக்கியோவில் போர்த்திட்டப் பிரிவின் தலைவர், சுஜி அவர் கீழே. பசிபிக் போரின் தொடக்கத் திட்டங்கள் அவர்கள் மேசையில்தான் உருவாகின. இத்தனைக்கும் பின்னால் ஒரே கணக்குதான்: பாய்ந்து தோற்றால் மனவேகம், யோசித்துப் பின்வாங்கினால் கோழைத்தனம். இந்தக் கணக்கு பத்தாண்டு நடந்தால் மேலே யார் மிஞ்சுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடித்துரைக்க யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். 1940இல் அரசு முழுப்போர் ஆய்வுக்கழகம் என்ற ஒன்றைத் திறந்தது. அமைச்சகங்கள், படைகள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து முப்பதை ஒட்டிய வயதுள்ளவர்கள் முப்பத்தைந்து பேர் அளவில் திரட்டப்பட்டார்கள். 1941 கோடையில் அவர்கள் ஒரு மாதிரி அமைச்சரவையாக அமர்ந்து, எண்ணெய் எவ்வளவு, கப்பல் எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை கப்பல் மூழ்கும் என்று கணக்குப் போட்டார்கள். தொடக்கத்தில் வெற்றி, பிறகு கப்பலிழப்பு, மூலப்பொருள் வறட்சி, இறுதியில் சோவியத் நாடும் போரில் இறங்கித் தோல்வி என்று முடிவு வந்தது. ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் மாளிகையில் அதை வாசித்தபோது படை அமைச்சர் தோஜோ ஹிதேகி குறிப்பெடுத்தபடி முழுவதும் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, இது மேசைமேல் நடத்திய பயிற்சி, ரஷ்யாவை வெல்வோம் என்றும் அன்று யாரும் நினைக்கவில்லை, போரில் எதிர்பாராதது நடக்கும் என்ற பொருளில் பேசினார். வெளியே பேச வேண்டாம் என்றும் சொன்னார். கொதாமாவின் போரை அவர் சான்றுக்கு இழுத்தார். கொதாமா பட்ட பயம் அவருக்கு நினைவில்லை. அந்த இளைஞர்களின் கணக்கு பெரும்பாலும் பலித்தது.

சுவர் ஒன்றோடு நிற்பதுமில்லை. வெளியாரை விலக்கிப் பழகியவர்கள் உள்ளேயும் விலக்குவார்கள். தரைப்படையும் கடற்படையும் இரண்டு தனி நாடுகள் போலப் போரிட்டன. ஒரே ஜெர்மன் விமான எஞ்சினுக்கு உரிமம் வாங்கித் தரைப்படை கவாசாகியிலும், கடற்படை ஐச்சியிலும் தனித்தனியே தயாரித்தன. கடற்படைக் கப்பல்களை நம்ப முடியாது என்று தரைப்படை தனக்கென நீர்மூழ்கிகளே கட்டிக்கொண்டது. 1942 ஜூனில் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. ஒன்றுதான் போயிற்று, இன்னொன்று சேதம் என்று அறிவித்தார்கள். திரும்பிவந்த மாலுமிகளை மருத்துவமனைகளில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு மருத்துவமனையே தேவைப்பட்டது.

1944 அக்டோபரில் தைவான் அருகே நடந்த விமானப்போரில் 11 அமெரிக்க விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாகக் கடற்படை அறிவித்தது. உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. சில நாளில் கடற்படைக்கு ஐயம் உறுதியானது. தரைப்படைக்குச் சொல்லவில்லை. அந்தப் பொய் வெற்றியை நம்பித் தரைப்படைத் தலைமை, லூசோனில் நின்று போரிடும் திட்டத்தை மாற்றி, பிலிப்பைன்ஸில் இருந்த தளபதி யமஷிதாவின் மறுப்பையும் மீறி, லெய்ட்டே தீவுக்குப் படைகளை அனுப்பியது. அங்கே இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 80,000 பேர். அவமானத்துக்குப் பயந்து ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்திடம் மறைத்த செய்தியின் விலை அது.

இந்த விலையில் தமிழருக்கும் பங்கு வந்தது. மிட்வேக்குப் பின் பர்மாவுக்குக் கடல்வழி ஆபத்தாயிற்று. தளவாடத்தை இளக்காரமாகப் பார்த்த படைக்குத் திடீரென்று தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை, அதுவும் மலைக்காட்டின் ஊடே, தேவைப்பட்டது. 1943இல் கெடுவை மாதக்கணக்கில் குறைத்து உத்தரவு வந்தது. எந்திரம் இல்லை, மருந்து இல்லை, அரிசி போதவில்லை. மனிதர்களை மட்டும் அள்ளிப்போட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் ஏற்றிச்சென்ற தமிழர்கள் அந்த ஆண்டின் மழையிலும் காலராவிலும் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகளை ராணுவப் பட்டியல்கள் எண்ணி வைத்தன. நம்மவர்களை எண்ணப் பட்டியல் இல்லை. மலேசியத் தமிழர் அதைச் சயாம் மரண ரயில் என்றே அழைக்கிறார்கள். தன் வீரனின் சோற்றையே கணக்கில் எடுக்காத படை, தோட்டக் கூலியின் உயிரை எடுக்குமா?

அந்தப் பாதை சென்றடைந்த பர்மாவிலிருந்துதான் இம்பால் படையெடுப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களின் வரிசையைப் பாருங்கள். முத்தாகுச்சியின் தலைமை அதிகாரி ஒபாத்தா, போக்குவரத்துப் பிரிவில் வளர்ந்தவர், இந்த மலைகளைத் தாண்டிச் சோறு கொண்டுபோக முடியாது என்றார். சில வாரங்களில் பதவி போயிற்று. சிங்கப்பூரில் தென்படைத் தலைமையகத்தில் எதிர்த்த இனாதா இடம் மாற்றப்பட்டார். தோக்கியோவில் எதிர்த்த சனாதாவிடம் தலைமைப் பணியகத் தலைவர் சுகியாமா காரணம் எதுவும் சொல்லவில்லை. தென்படைத் தலைவர் தெராவுச்சி ஆசைப்படுகிறார், விட்டுக்கொடு என்று கேட்டுக்கொண்டார். கடைசி ஒப்புதல் தோஜோவுடையது. 1944 ஜனவரியில் கோப்போடு போன அதிகாரி, குளியலறையில் இருந்த தோஜோவிடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விளக்கினார். தோஜோ உள்ளிருந்தபடியே வரிசையாகக் கேள்வி கேட்டார். தளவாடம் எப்படி, எதிரி பின்பக்கம் கடல்வழியே இறங்கினால் என்ன செய்வது என்பவை நல்ல கேள்விகள்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வெளியிலிருந்து பதில் வந்தது. ஒப்புதல் கிடைத்தது.

படை புறப்படும் முன்பே எச்சரிக்கை கிடைத்தது. பிப்ரவரியில் அரக்கானில் ஜப்பானியர் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சுற்றி வளைத்தார்கள். இம்முறை அந்தப் படையினர் ஓடவில்லை. விமானத்திலிருந்து உணவும் குண்டும் இறங்க, நின்று போரிட்டார்கள். எதிரி மாறிவிட்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மார்ச் 8இல் திட்டம் ஒரு வரிகூட மாறாமல் தொடங்கியது. உணவாகவும் சுமையாகவும் பயன்படும் என்று ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிச்சென்றார்கள். பல சிந்த்வின் ஆற்றிலேயே மூழ்கின, மற்றவை மலையேறும்போது விழுந்தன.

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம். அவர் படையும் ஓர் ஆதிக்கத்தின் படைதான். 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோரைப் பட்டினியில் சாகவிட்ட அரசின் படை அது. அதற்கு மகுடம் சூட்ட நான் வரவில்லை. ஆனால் இம்பாலுக்கு வடக்கே உள்ள கொஹிமாவுக்கு வரக்கூடிய படையின் அளவைத் தவறாகக் கணித்தது தானே என்று ஸ்லிம் தன் நினைவுநூலில் ஒளிக்காமல் எழுதினார். தவறு தெரிந்ததும் அரக்கானிலிருந்து ஒரு டிவிஷனை விமானத்தில் ஏற்றி இம்பாலுக்குக் கொண்டுவந்தார். பிழையை ஒப்புக்கொண்டால் பதவி போகும் என்ற அச்சம் அந்தக் கூடாரத்தில் இல்லை. பிழை திருந்த நாள்கணக்குதான் ஆயிற்று.

முத்தாகுச்சியின் கீழிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளும் போர் நடக்கும்போதே பதவியிழந்தார்கள். கொஹிமாவில் இருந்த சாத்தோ கோதோகு அரிசி கேட்டுக் கேட்டு அலுத்து, மே இறுதியில் தன் வீரர்களைச் சாகவிட மாட்டேன் என்று உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், நடந்ததையெல்லாம் சொல்கிறேன் என்று கேட்டார். அதுதான் தலைமைக்கு ஆகாத காரியம். பேரரசர் நேரடியாக நியமித்த தளபதி அவர். விசாரணை என்றால் பேரரசர்வரை போகும், சாட்சியம் பதிவாகும். ஆகவே அந்த நேரத்தில் அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்கள். வாய் திறந்தவர் ஒருவர். அவருக்குப் பைத்தியம் என்று சான்றிதழ்.

கவாபே 1945 மார்ச்சில் ஜெனரலாக உயர்ந்தார். முத்தாகுச்சி 1944 முடிவில் ஓய்வில் அனுப்பப்பட்டு, அடுத்த மாதமே திரும்ப அழைக்கப்பட்டார். கொடுத்த வேலை, அதிகாரிகளாகப் போகும் பையன்கள் படிக்கும் ஆயத்தப் பள்ளிக்குத் தலைமை. ஜப்பான் சரணடையும் ஆண்டில், அணிவகுத்து நின்ற அந்தப் பிள்ளைகளுக்குப் போர் என்றால் என்ன என்று அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.